அக்கா இல்லாத ஜன்னல்

வாவாவு,
ஈஸ்டருக்கு அடுத்த திங்கள்

அன்புள்ள லெசியெலி,

நீ அந்தக் கரையிலும் நான் இந்தக் கரையிலும் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதால்தான் இந்தத் தாளிலாவது நாம் சந்திக்க முடிகிறது. அதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லித் தொடங்குகிறேன். அடுத்த நன்றி வீகாவுக்கு. நீ வேலை செய்யும் அதே தக்காளித் தோட்டத்துக்குத்தான் அவளும் வருகிறாள். கடிதத்தைத் தன் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவர ஒப்புக்கொண்டாள். பிரித்துப் படிக்கமாட்டேன் என்று பைபிள் மேல் கை வைத்துச் சத்தியமும் செய்தாள். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் உறையை இரண்டு தரம் ஒட்டியிருக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். கடலுக்கடியில் கம்பி அறுந்ததிலிருந்து இங்கே போன் பேசுவது தேவாலயத்தில் காணிக்கை அறிவிப்பது மாதிரி ஆகிவிட்டது. வரிசையில் நின்று, ஊர் முழுக்கக் கேட்கத்தான் செய்யவேண்டும். அப்படியே இணைப்புக் கிடைத்தாலும் நீ ஆறு பெண்களோடு ஒரே அறையில் இருக்கிறாய். ஸ்பீக்கர் போடாமல் அவர்கள் யாரையும் பேச விடுவதில்லை என்று நீயே எழுதினாய். நான் சொல்லப்போவது ஸ்பீக்கரில் போகக்கூடாத விஷயம்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மகள் ஃபூசி நன்றாக இருக்கிறாள். பாடகர் குழுவில் அவளை முன்வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் போதகரின் மைத்துனி என்னோடு பேசுவதில்லை. உன் கறுப்புப் பன்றி குட்டி போட்டிருக்கிறது. அதில் ஒன்று எனக்கு என்று சொல்லிவிட்டேன். கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். உன் புருஷனுக்கு மூத்த அக்காவாகப் பிறந்ததில் எனக்கு இருக்கிற ஒரே வருமானம் அதுதான். முகத்தைச் சுளிக்காதே.

அடுத்து என் செய்தி. நீ கிளம்பும்போது நான் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு துவைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதே ஆஸ்பத்திரியில் லேப் உதவியாளர் பயிற்சி. சிரித்து முடித்துவிட்டு மேலே படி. நாற்பத்தொன்பது வயதில் மாணவி ஆகிவிட்டேன். அறிவிப்பில் வயது வரம்பு எழுத மறந்துவிட்டார்கள். அந்த ஓட்டை வழியாக நுழைந்தேன். இளம் பெண்கள் எல்லாம் உன்னோடு தக்காளி பறிக்கப் போய்விட்டதால் மிச்சம் இருந்தது நானும் ஒரு செவிட்டுக் கிழவரும்தான். ஒரு வருடம் பயிற்சி. முடிவில் தலைநகரிலிருந்து வந்து தேர்வு வைப்பார்கள். தேறினால் சான்றிதழ், நிரந்தர வேலை. மார்பில் என் பெயர் தைத்த வெள்ளைக் கோட்டை மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். கீழே இரண்டு பொத்தான் பூட்டாது. இருந்தாலும் முதல் வாரம் அதைப் போட்டுக்கொண்டே சந்தைக்குப் போய்வந்தேன். கெப்புவேலி பார்த்துவிட்டார். "கிருமியை எல்லாம் ஊர்வலம் கூட்டிட்டுப் போயிட்டு வந்தீங்களா அம்மா?" என்று கேட்டார். அன்றிலிருந்து கோட்டு உள்ளே, நான் வெளியே.

கெப்புவேலிதான் எங்கள் லேபுக்குப் பெரியவர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். தெற்கே தலைநகர்த் தீவான தொங்காதாபுவிலிருந்து வந்தவர். சிரிப்பு என்பது ஒரு நோய், அது தனக்கு வராமல் தடுப்பூசி போட்டுக்கொண்டாகிவிட்டது என்பது போன்ற முகம். ஆனால் கை தங்கம். அவர் ஊசி போட்டால் குழந்தைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் முதன்முதலில் இரத்தம் எடுத்தது அவர் கையிலிருந்துதான். மூன்றாவது இடத்தில்தான் நரம்பு கிடைத்தது. அவர் வலியைக் காட்டிக்கொள்ளாமல், "நல்லவேளை, எனக்கு ரெண்டு கை இருக்கு" என்றார். அடுத்த நாள் நம் ரக்பி அணியின் அந்த மலைபோன்ற ஆள் வந்து உட்கார்ந்தான். நான் ஊசியின் மூடியைக் கழற்றிய சத்தத்துக்கே சாய்ந்துவிட்டான். தூக்கி உட்காரவைக்க நான்கு பேர் வேண்டியிருந்தது.

மைக்ரோஸ்கோப்பில் முதல் நாள் கண்ணை வைத்துவிட்டு, "ஐயோ, நிறையப் புழு, கறுப்புக் கறுப்பா, வளைஞ்சு வளைஞ்சு" என்று கூவினேன். கெப்புவேலி ஓடி வந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அது உங்க கண்ணிமை மயிர்" என்றார். அந்தக் கதை இப்போது சமையற்கூடம்வரை போய்விட்டது.

ஆனால் லெசியெலி, ஒன்று சொல்ல வேண்டும். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, இன்னொரு தகட்டால் இழுத்து, ஸ்மியர் என்று நாக்கு மாதிரி மெல்லியதாகத் தேய்த்து, சாயம் ஊற்றிக் காயவைத்து, நானே முதன்முறை சரியாகப் பார்த்த அன்று எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்குப் பேச்சு வராத நாட்களை நீ உன் கல்யாணத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாலும் ஒரு கை விரல் தாண்டாது. ஒரு மனுஷனுக்குள் என்ன நடக்கிறது என்பது அவனுக்கே தெரியாமல் அங்கே வட்ட வட்டமாகக் கிடக்கிறது. அதைச் சரியாக எடுத்துவைக்கிற வேலை என்னிடம் இருக்கிறது. என் புருஷன் போன பிறகு, காலையில் எழுந்ததும் எங்கேயாவது போகவேண்டும் என்று ஆசைப்பட்டது இதற்குத்தான்.

கெப்புவேலிக்கு இரண்டு சட்டம். ஒன்று, பெயரும் பிறந்த தேதியும். டியூபிலும் சீட்டிலும் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், "அது யாரோடதும் இல்ல, தூக்கிப் போடுங்க" என்பார். நம் ஊரில் ஒரே பெயரில் ஒன்பது பேர் இருப்பதால் அது சரிதான். இரண்டாவது சட்டம், உள்ளே பார்த்தது உள்ளேயே. சொல்லிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களைப் பத்தி விசாரிச்சேன். உங்களுக்குத்தான் இது கஷ்டமான பாடம்." கஷ்டம்தான். பக்கத்து வீட்டுக்காரி சேம்பிலையில் மாட்டிறைச்சியும் தேங்காய்ப்பாலும் வைத்துக் கட்டி மண்ணடுப்பில் வேகவைத்து, சுடச்சுடக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் மருமகளின் ரிசல்ட் என்ன என்று கண்ணாலேயே கேட்கிறாள். நான் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்கிறேன். சாப்பாடு வருவது மெல்ல மெல்ல நின்றுகொண்டிருக்கிறது.

ஆகவே இனி நான் எழுதுவதில் லேபுக்குள் பார்த்தது ஒரு சொல்லும் இல்லை. எல்லாம் தெருவிலும் தோட்டத்திலும் பார்த்தது. அதை நீ ஞாபகத்தில் வைத்துக்கொள்.

உன் புருஷன் சிதிவேனி மெலிந்துவிட்டான். இடுப்பில் கட்டுகிற பாய் முன்பு ஒரு சுற்று வந்தது. இப்போது முனை முதுகுக்கே போகிறது. உதடு வெளுத்திருக்கிறது. பெருவள்ளிக் கிழங்குக்குக் களை வெட்டுகிறவன் பாதியில் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். என் வீட்டு வேலியிலிருந்து அது தெரிகிறது. வெயில் என்று அவன் மற்றவர்களிடம் சொல்கிறான். இந்த வெயிலில்தானே பிறந்தான்?

டாக்டரிடம் போயிருக்கிறான். ஃபூசிதான் கட்டாயப்படுத்தி அனுப்பினாள். டாக்டர் ஒரு டப்பாவைக் கொடுத்திருக்கிறார். எந்த டப்பா என்று நான் எழுதமாட்டேன். மூடியிலேயே ஒரு சின்னக் கரண்டி இருக்கும், அவ்வளவுதான். அந்த டப்பாவைத் தொப்பிக்குள் மறைத்துக்கொண்டு லேப் ஜன்னலுக்கு வந்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கோட்டும் கையுறையுமாக நான்.

எங்களைப் பற்றி உனக்குத் தெரியும். அவனுக்கு மீசை அரும்பியதிலிருந்து நாங்கள் ஒரே அறையில் படுத்ததில்லை, ஒரே அறையில் உட்கார்ந்து டிவி பார்த்ததில்லை. நான் முன்வாசலில் நுழைந்தால் அவன் பின்வாசலில் இறங்குவான். அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட அவன் அழுததை நான் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டேன். அக்காவுக்கு முன்னால் உடம்பைப் பற்றி ஒரு சொல் வரக்கூடாது. அப்படித்தான் வளர்ந்தோம். அந்த மரியாதையில் அவனைப்போல் ஒருவன் இந்தத் தீவில் இல்லை.

அப்படிப்பட்டவன் அந்தத் தொப்பியோடு அந்த ஜன்னலில் என்னைப் பார்த்தால் என்ன செய்வான்? திரும்பினான். ஓடவில்லை. மூச்சு இருந்தால் ஓடியிருப்பான்.

அடுத்த வாரம் டப்பா வந்தது. அவன் நண்பன் மொசேசே கொண்டுவந்து வைத்தான். சீட்டில் பெயர் சரி, பிறந்த தேதி சரி. கெப்புவேலி பெயரைப் பார்த்தார். அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீங்க போய் வெளியே ஸ்லைடு கழுவுங்க அம்மா" என்றார். அவரும் அக்கா தங்கச்சியோடு பிறந்தவர்தானே. நான் போனேன். என்ன வந்தது என்று கேட்கவில்லை.

கேட்கத் தேவையில்லாமல் போய்விட்டது. அந்தச் சனிக்கிழமை சிதிவேனி நண்பர்களுக்கு மீன் சுட்டுப்போட்டான், டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாராம். நான் என் வீட்டில் முழந்தாளிட்டு ஜெபம் செய்தேன். அதற்குப் பிறகு சந்தையில் மொசேசேயைப் பார்த்தேன். நானும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் வாய்க்கு என்னிடம் பூட்டு கிடையாது. "ஏ கலோ! உங்க லேபுல என் வயித்துக்கு மெடல் குடுக்கணும்டி!" என்றான். புரியவில்லை என்றேன். காவா வேர்ச்சாறு குடித்த வாய், அடங்கவில்லை. "நட்புக்காக ஜனங்க உயிரைக் குடுப்பாங்க. நான் என்னத்தக் குடுத்தேன்னு உனக்குச் சொல்லவா?"

லெசியெலி, நான் சிரித்தேன். அது சிரிக்கவேண்டிய விஷயம்தான். நம் ஊரில் வேறு யார் செய்திருந்தாலும் ஒரு வருடம் சொல்லிச் சிரித்திருப்பேன். பாதி வழி வந்த பிறகுதான் கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு நின்றேன். லேபிள் சரியாக இருந்தது. உள்ளே இருந்தது வேறு ஆள். அதற்குக் கெப்புவேலியிடம் சட்டம் இல்லை.

அவரிடம் சொன்னேன். சந்தையில் கேட்டதைச் சொல்வது குற்றமில்லையே. அவர் முகம் இன்னும் இறுகிப்போனது. டாக்டரிடம் போனார். டாக்டர் புது டப்பா கொடுத்தனுப்பினார். அது இப்போது உன் வீட்டு அலமாரியில் காலியாக இருக்கிறது. ஒரு தரம் கொடுத்தாகிவிட்டது, சுத்தமாக இருக்கிறது என்று வந்துவிட்டது, இனி என்ன என்கிறானாம்.

நான் அவனிடம் பேசமுடியாது. என் வாய் எதற்கெல்லாம் திறக்கும் என்று உனக்குத் தெரியும், இதற்குத் திறக்காது. அவனுக்கு முன்னால் நான் இதை எடுத்தால், நோய் கொல்வதற்கு முன்னால் வெட்கம் கொன்றுவிடும். நீ அவன் பெண்டாட்டி. இந்த உலகத்தில் இதை அவனிடம் கேட்கக்கூடிய ஒரே ஆள் நீ. வரிசையில் நின்றாவது, ஸ்பீக்கரில் ஆறு பெண்கள் கேட்டாலும், கேள்.

உன் கைகளையும் முதுகையும் கடவுள் காக்கட்டும். தக்காளிக்குக் குனிகிறபோது துணியை இறுக்கிக் கட்டிக்கொள்.

உன் நாத்தனார்,
கலோலைனே


வாவாவு,
மே மாதக் கடைசி

அன்புள்ள லெசியெலி,

இன்னொரு தரம் தாளில் சந்திக்கும் பாக்கியம் கிடைத்திருக்கிறது. உன் கடிதம் வந்தது. அதில் ஒரு பத்தி இருக்கிறதே, அவன் போனில் உன்னிடம் ஒப்புக்கொண்டது, கிறிஸ்துமஸிலிருந்து என்ன பார்க்கிறான் என்பது, அதை நான் படிக்கவில்லை. கட்டைவிரலால் மூடிக்கொண்டேன். என் கட்டைவிரல் அவ்வளவு அகலமில்லை என்பது வேறு விஷயம்.

அதற்குக் கீழே அவன் சொன்னதாக நீ எழுதியதை மட்டும் படித்தேன். "எங்க அக்கா கழுவுற கண்ணாடியில என்னோடத வெக்கச் சொல்றியா? அவ நாற்காலி, அவ மேசை, அவ கையெழுத்துல என் பேரு. செத்தாலும் பரவாயில்ல, விடு லெசி." இதைப் படித்துவிட்டு அவனை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, அவன் தலையில் கை வைக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் எங்களுக்குக் கிடையாது.

நான் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை தான் தனியாக வந்து செய்வதாகவும், அன்று அக்கா இருக்கமாட்டாள் என்றும் கெப்புவேலி டாக்டர் மூலமாகச் சொல்லி அனுப்பினார். "திங்கக்கிழமை அக்கா வந்து அதே இடத்துலதானே உக்காருவாங்க" என்றானாம் உன் புருஷன். தலைநகருக்கு விமானத்தில் அனுப்பலாம் என்றார் டாக்டர். அந்தப் பெட்டியைக் கட்டி லேபிள் ஒட்டுகிறவள் யார்? நான்தான். படகேறி அங்கேயே போகலாமே என்றாள் ஃபூசி. கிழங்கு அறுவடையை விட்டுவிட்டு எப்படி என்றான். அறுவடை செய்ய அவனால் நிற்கவே முடியவில்லை, அது வேறு.

எல்லா வழியும் சுற்றிச் சுற்றி என் நாற்காலியில் வந்து முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம் ஞாயிறு தெரியுமே. பாட்டையும் மணியையும் தவிர ஒரு சத்தம் இருக்காது. தேவாலயத்தில் அவன் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம். எழுந்து நின்று பாடும்போது எல்லோரும் எழுந்தார்கள், அவன் எழவில்லை. முன்பெல்லாம் அவனுடைய அடிக்குரல் கேட்டால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அன்று அந்த இடத்தில் ஒரு பள்ளம் மாதிரி இருந்தது. மற்றவர்கள் அதைச் சுற்றிப் பாடினார்கள். பாட்டு முடிவதற்குள் நான் தீர்மானித்துவிட்டேன்.

திங்கள் காலையில் கெப்புவேலியிடம் போய், பயிற்சியிலிருந்து விலகுகிறேன் என்றேன். அவர் சுழலும் இயந்திரத்தில் டியூபுகளை எதிரெதிராக வைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார். "பாதியில போனா இந்த வருஷம் கணக்குல வராது. அடுத்த தடவை வயசு வரம்பு போட மறக்கமாட்டாங்க. தெரியுமில்ல?" தெரியும் என்றேன். "ஒரு மாசம் லீவு எடுங்களேன்." லீவு எடுத்தவள் திரும்பி வருவாள் என்று அவனுக்குத் தெரியும் என்றேன். யார் அவன் என்று கெப்புவேலி கேட்கவில்லை. இயந்திரத்தை மூடினார். "என்கிட்ட வந்தவங்கள்ல ஸ்மியர் இழுக்கிற கை உங்களுக்குத்தான் இருக்கு" என்றார். அவர் என்னைப் பாராட்டிய முதல் தடவை அது. அதற்குக்கூட நான் விலகும் நாள்வரை காத்திருந்திருக்கிறார் பார்.

இப்போது ஊர்க் கதை. சிரித்துக்கொள், உனக்காகத்தான் எழுதுகிறேன். நான் ஏன் வேலையை விட்டேன் என்று ஊருக்கு ஒரு காரணம் வேண்டுமே. நான் யோசித்து ஒன்று கண்டுபிடிப்பதற்குள் ஊரே கண்டுபிடித்துவிட்டது. அடுத்தவர் ரிசல்ட்டை வெளியே சொன்னேனாம், கையும் களவுமாகப் பிடிபட்டேனாம், துரத்திவிட்டார்களாம். போதகரின் மைத்துனி என்னோடு மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள், அவ்வளவு சந்தோஷம். "உன் வாய்க்கு இது நடக்கும்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள். சேம்பிலைக்காரியோ வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே, "எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லலயே பாவி, யாருகிட்டடி சொன்னே?" என்று பொறாமைப்பட்டாள். மொசேசே சந்தை நடுவில், "கலோ, என் சரக்கு விஷயத்தை நீ சொல்லித்தான் உன் வேலை போச்சா? மன்னிச்சிரு" என்று கண்ணைத் துடைத்தான். நல்லவன். முட்டாள், ஆனால் நல்லவன்.

நான் எதையும் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். நன்றாகவே குனிந்தேன், எனக்கு நாடகம் வரும் என்று உனக்குத் தெரியும். என் வாய் எனக்கு நாற்பத்தொன்பது வருடமாகச் சம்பாதித்துக் கொடுத்த பெயர் கடைசியில் ஒரு வேலைக்கு உதவியது. யாரும் சந்தேகப்படவில்லை. கெப்புவேலி மட்டும் அதைக் கேள்விப்பட்டு என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "நான் போய் எல்லார்கிட்டயும் சொல்றேன், இது பொய்யின்னு" என்றார். அவருக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். உள்ளே பார்த்தது உள்ளேயே என்பது உங்கள் சட்டம்தானே என்று கேட்டேன். திரும்பிப் போய்விட்டார்.

அதற்குக் காரணம் இருக்கிறது, லெசியெலி. தனக்காகத்தான் நான் விட்டேன் என்று சிதிவேனிக்குத் தெரிந்தால், அக்காவின் வாழ்க்கையைத் தின்றுவிட்டேன் என்று அதற்கும் ஒரு வெட்கம் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவான். வாயாடியாக இருந்ததால் துரத்தப்பட்ட அக்கா என்றால் அவனுக்குத் தலைகுனிவுதான், ஆனால் வழி திறந்திருக்கும். ஆகவே நீ சொல்லாதே. அவன் கேட்டாலும் சொல்லாதே. நான் செத்த பிறகும் சொல்லாதே. அப்போது என்னைப் பற்றிப் பேச ஊருக்கு ஏதாவது வேண்டும்.

கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மார்பில் தைத்த பெயரைப் பிரித்து நூலை மட்டும் எடுத்துக்கொண்டேன். கறுப்பு நூல். ஃபூசியின் பாவாடை கிழிந்தபோது அதில்தான் தைத்தேன்.

என் இடத்துக்கு ஒருவனை அனுப்பியிருக்கிறார்கள். வடக்கே தூரத்துத் தீவுக்காரன். நம் குடும்பத்தில் யாரையும் தெரியாது. இந்த நாட்டில் நமக்கு உறவில்லாத ஆள் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும். கடவுள் தேடித்தான் அனுப்பியிருக்கிறார். இதை நீ சிதிவேனியிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவை. அக்கா அங்கே இல்லை. இனி வரவும் மாட்டாள். அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவன் ஒரு அந்நியன். இதை மட்டும் சொல். மற்றதை அவன் வயிறு சொல்லும்.

நானும் அவனுக்கு ஒரு கடிதம் எழுதி ஃபூசியிடம் கொடுத்தனுப்புகிறேன். மூன்று வீடு தள்ளி இருக்கிறவனுக்குக் கடிதமா என்று சிரிப்பாய். உனக்கு எழுதும்போது நடுவில் கடல்தான் இருக்கிறது, லெசியெலி. அவனுக்கு எழுதும்போதுதான் தூரமாக இருக்கிறது. அதன் நகலை உனக்கு இதோடு வைக்கிறேன். நான் சொல்லக்கூடாதது ஏதாவது அதில் சொல்லிவிட்டேனா என்று பார்.

உனக்கு விடுப்பு கொடுத்தால் வந்துவிடு. கொடுக்காவிட்டால் அழு. அழுதால் கொடுப்பார்கள்.

எப்போதும் உன்,
கலோலைனே


என் வீட்டிலிருந்து உன் வீட்டுக்கு,
மே மாதக் கடைசி ஞாயிறு

மதிப்புக்குரிய தம்பி சிதிவேனிக்கு,

உன் சமையற்கூரையின் புகை எனக்குத் தெரிகிறது. அது தெரிகிற ஒவ்வொரு காலையும் நீ இருக்கிறாய் என்று நன்றி சொல்கிறேன்.

நான் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து வந்துவிட்டது நீ கேள்விப்பட்டிருப்பாய். காரணத்தையும் கேள்விப்பட்டிருப்பாய். சின்ன வயதில் நீ உடைத்த விளக்கைப் பற்றி அப்பாவிடம் சொன்னவள்தானே நான். அந்த வாய்தான் இது. உன் பெயருக்கு என்னால் ஒரு கறை வந்ததற்கு நீ வருத்தப்படாதே. ஊர் அடுத்த வாரம் வேறு கறை தேடிக்கொள்ளும்.

இப்போது காலை முழுக்க வீட்டிலேயே இருந்து பாய் பின்னுகிறேன். ஆஸ்பத்திரித் தெரு பக்கம் போவதில்லை, இனி போகவும் மாட்டேன். என் இடத்தில் இருப்பவன் வடக்குத் தீவுக்காரன், சின்னப் பையன். முகத்தைப் பார்க்காமல் சீட்டை மட்டும் பார்க்கிறவன் என்று சொல்கிறார்கள். அவனுக்கு இந்த ஊரில் யார் யாருக்குத் தம்பி என்று ஒன்றும் தெரியாது.

நான் பின்னுவது உனக்கான இடுப்புப் பாய். பழைய அளவுக்குத்தான் பின்னுகிறேன். சிறியதாகப் பின்ன மாட்டேன்.

ஒரே ஒரு விஷயம். ஆண்டுதோறும் உன் தோட்டத்தின் முதல் பெருவள்ளிக் கிழங்கு எனக்குத்தான் வருகிறது. அப்பா காலத்திலிருந்து அது அக்காவின் உரிமை. இந்த வருடமும் எனக்கு வேண்டும், அடுத்த வருடமும் வேண்டும், என் பல் விழுந்து மசித்துத் தின்னும் வருடத்திலும் வேண்டும். யாரிடமும் கொடுத்தனுப்பாதே, தம்பி. மொசேசே கொண்டுவந்தால் வாங்கமாட்டேன். அவன் தோட்டத்துக் கிழங்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். உன்னுடையதுதான் வேண்டும். உன் கையாலேயே கொண்டுபோய் வை. கொண்டுவந்து வை என்று எழுதவந்தேன்.

நான் முன்வாசலில் இருக்கமாட்டேன். நீ வைத்துவிட்டுப் போகும்வரை பின்கட்டில் இருப்பேன். நீ வந்துபோகும் காலடிச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டால் போதும்.

கடவுள் உன்னை நிற்கவைக்கட்டும். பாடும்போது நீ எழுந்து நிற்பதை நான் பெண்கள் பக்கத்திலிருந்து கேட்கவேண்டும்.

உன் அக்கா